வீதி எவருக்குச் சொந்தம்?

சைக்கிளுக்கெனத் தனிப்பாதை வகுத்தால் மக்கள் சீறுவர். பஸ்ஸுக்கென வீதியில் ஒரு பகுதியை ஒதுக்கினால் கார் வைத்திருப்போரின் பகை வந்து சேரும். தேர்தலிலே அது நம்மைத் தாக்கும் - இப்படி எச்சரிப்போர் எல்லா நாட்டிலும் உண்டு, எல்லாக் கட்சியிலும் உண்டு. நம்மிடையேயும் உண்டு என்பதை மறைப்பானேன்! அவர்களைக் கேலி செய்ய நான் வரவில்லை. மக்கள் மனமறிந்து நடக்கவேண்டும் என்பது குற்றமா? இல்லை. ஆனால் அந்த மனம் கல்லிலே பொறித்ததா, அல்லது காணக் காண மாறுவதா? இந்தக் கேள்விக்கு விடை தேட, ஒல்லாந்து நாட்டின் கதை உதவும்.

ஒல்லாந்தர் நமக்குப் புதியவரல்லர். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்து வாணிபம் நடத்தியவர்கள். இன்று அவர்தம் நாட்டிலே மக்கள் மேற்கொள்ளும் பயணங்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிளிலேதான். இதைக் கேட்டதும், "அது அவர்கள் பிறவிக்குணம், மேடு பள்ளமில்லாத நாடு, நமக்கு ஆகுமா?" என்று கூறிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள் சிலர். மேடு பள்ளமில்லை என்பது மெய்தான். ஆனால், அதே சமதரையிலேதான் 1950-க்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது! 1954-இல் ஆம்ஸ்டர்டாம் நகரக் காவல்துறைத் தலைவர் காஸ்யாகர், பழம்பெரும் கால்வாய்களைத் தூர்த்துக் கார்களுக்கு வழிவிடத் திட்டம் தீட்டினார். 1967-இல் யோகினென் என்ற அமெரிக்க நிபுணர், உழைப்பாளர் குடியிருப்புகளை இடித்து, நகரின் நெஞ்சுவரை நெடுஞ்சாலை நீட்ட யோசனை சொன்னார். இரண்டும் நிறைவேறவில்லை. எனினும் கார் பெருகிற்று. சதுக்கங்கள் கார் நிறுத்துமிடங்களாயின. முன்னேற்றம் என்றார்கள் அதை!

அந்த முன்னேற்றத்துக்கு ஒரு விலை இருந்தது. 1971-ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறிய நாட்டின் சாலைகளில் மாண்டவர் 3,000 பேருக்கு மேல். அவர்களில் 400-க்கும் அதிகமானோர் குழந்தைகள்! பள்ளிக்குச் சென்ற பிள்ளை வீடு திரும்பவில்லை. விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகையாளர், தம் மகளை அவ்விதம் பறிகொடுத்தவர், 1972-இல் 'டி டைட்' என்ற ஏட்டிலே கட்டுரை தீட்டினார். "குழந்தைக் கொலையை நிறுத்துக" என்பதே தலைப்பு. 'விபத்து' என்று அவர் எழுதவில்லை, கவனியுங்கள். விபத்து என்றால் விதி. கொலை என்றால் அதற்குப் பொறுப்பாளி உண்டு. ஒரு சொல் மாறிற்று. நாடே அதைப் பற்றிக்கொண்டது.

அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. அதன் முதல் தலைவியானவர் மார்த்யா வான் பூட்டன் என்ற இளந்தாய். தாய்மார்கள் வீதிகளை மறித்தார்கள். நடுவீதியிலே நீண்ட மேசைகளை இட்டு, அண்டை அயலாருடன் அமர்ந்து உணவருந்தினார்கள். பிரதமர் டென் அயல் வீட்டுக்குச் சைக்கிளிலே அணிவகுத்துச் சென்று, பாட்டுப் பாடிக் கோரிக்கை வைத்தார்கள். அவரும் வெளியே வந்து செவிமடுத்தார். கிளர்ச்சி என்றால் கல்லெறிதான் என்று எண்ணுவோர் இந்தப் பெண்களிடம் பாடம் கேட்கலாம்.

1973-இல் அரபு நாடுகள் ஒல்லாந்துக்கு எண்ணெயை நிறுத்தின. நவம்பர் 4 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டுவதற்கு அரசு தடை விதித்தது. நெடுஞ்சாலையிலே மக்கள் நடந்தார்கள், பிள்ளைகள் ஆடினார்கள். காரில்லாத வீதி எப்படியிருக்கும் என்று மேடையேறி விளக்கவேண்டிய வேலை மிச்சமாயிற்று! 1976-இல், 'வாழும் முற்றம்' என்று பொருள்படும் குடியிருப்பு வீதிகளுக்குச் சட்டம் வந்தது. அங்கே வீதியின் முழு அகலமும் நடப்பவருக்கு உரியது. கார் நடைவேகத்திலே ஊர்ந்து செல்லவேண்டும்.

எதிர்ப்பே இல்லையா? இருந்தது! ஹேக் நகரிலும் டில்பர்க் நகரிலும் 1970-களின் நடுவே அரசு மாதிரிச் சைக்கிள் பாதைகளை அமைத்தபோது, ஹேக் நகரக் கடைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். கார் வராவிட்டால் வாடிக்கையாளர் வருவாரா என்ற அச்சம் அவர்களுக்கு. பிழைப்பைப் பற்றிய அச்சம் அது. அதை இழிவாகப் பேசுவது நமக்கு அழகல்ல. இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஒரேயொரு நல்ல பாதை போட்டதால் நகரம் மாறிவிடவில்லை. பாதை முடிந்த இடத்திலே பயம் தொடங்கியது. பிறகு டெல்ஃப்ட் நகரம் வீட்டு வாசலிலிருந்து பள்ளிவரை, சந்தைவரை பாதைகளை வலைபோலப் பின்னியது. அதிலிருந்துதான் மற்ற நகரங்கள் கற்றன. அரைகுறையாக ஒன்றைச் செய்து, "பார்த்தீர்களா, எவரும் வரவில்லை" என்று கைவிரிப்பவர்களுக்கு இது நல்ல விடை.

2010-ஆம் ஆண்டில் ஒல்லாந்துச் சாலைகளில் மாண்ட சிறுவர் 14 பேர். 400 எங்கே, 14 எங்கே!

மனமாற்றத்தை வாக்குச்சீட்டால் அளந்து பார்த்த நகரமும் ஒன்று உண்டு. அது சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோம். நகருக்குள் நுழையும் காருக்குக் கட்டணம் என்றபோது, பெரும்பான்மையோர் கூடாதென்றார்கள். ஆட்சியினர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 2005 ஆகஸ்டிலேயே புதிய பஸ்களை ஓடவிட்டார்கள். ஆம், முதலிலே பஸ், பிறகு கட்டணம்! 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனை நடந்தது. கட்டண எல்லையைக் கடந்த வண்டிகள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்தன. செப்டம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. நகர மக்களில் பெரும்பான்மையோர் வேண்டுமென்றார்கள். 2007 ஆகஸ்டில் அது நிலைபெற்றது. சோதனைக்கு முன்பே வாக்கெடுத்திருந்தால்? தோற்றிருக்கும், "மக்கள் தீர்ப்பு" என்று அதற்குப் பெயரும் சூட்டியிருப்பார்கள்.

ஆம்ஸ்டர்டாமிலே வேலை இன்னும் முடியவில்லை. 2023 டிசம்பர் 8-ஆம் நாள் முதல்தான் அந்நகரின் பெரும்பாலான வீதிகளில் வேக வரம்பு மணிக்கு 30 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. லாங்கன்ஹோஃப் கட்டுரை வந்து 51 ஆண்டுகளுக்குப் பிறகு!

தோழர்களே! உங்கள் கிளைக் கூட்டத்திலே இப்பொருள் பேச்சுக்கு வரும்போது, கடைத்தெருவிலே மட்டும் கருத்துக் கேட்டுத் திரும்பிவிடாதீர்கள். பள்ளிக்கூட வாசலில், மணியடிக்கும் நேரத்திலே, பிள்ளைக்காகக் காத்துநிற்கும் தாய்மாரையும் கேளுங்கள். பஸ்ஸுக்காக வெயிலிலே நிற்கும் முதியவரையும் கேளுங்கள். அந்தக் கணக்கையும் சேர்த்து எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்திலே பேசுவோம்.