பைக்காரா செய்த வேலை

ஊட்டிக்குப் போகிறவர்கள் பைக்காரா அருவியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஆற்றுத் தண்ணீர் மலைக்குக் கீழே என்ன வேலை பார்க்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

அந்தத் தண்ணீரில் ஓடுகிறது பைக்காரா நீர்மின் நிலையம். சென்னை மாகாண அரசே முதல் போட்டுக் கட்டியது அது. 1932-இல் ஓடத் தொடங்கியது. 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் தண்ணீரை இறக்கி, அந்த வேகத்தில் டர்பைனைச் சுழற்றினார்கள். கோவைக்கு மின்சாரம் வந்தது, பஞ்சாலைகள் பெருகின. மாடு பூட்டிக் கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் பம்பு ஓடியது. முதலில் ஓய்வு கிடைத்தது மாடுகளுக்குத்தான்!

ஊருக்கு ஒதுங்கிய ஒற்றைக் கிணற்றுக்காக, லாபம் பார்க்கிற கம்பெனி கம்பம் நடுமா? நடாது. அதனால்தான் அரசு இறங்க வேண்டியிருந்தது. மாநிலங்களில் மின்வாரியம் அமைக்க 1948-இல் சட்டம் வந்தது. நம் மாநில மின்வாரியம் பிறந்தது 1957 ஜூலை 1-ஆம் தேதி.

இப்போது மின் கட்டணத்தை முடிவு செய்வது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அதற்கு முன் மக்களிடம் கருத்துக் கேட்டாக வேண்டும். அந்த அறிவிப்பு பத்திரிகையில் வந்தால் படிக்காமல் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஒரு கடிதமாவது எழுதிப் போடுங்கள்.