சாரதிக்கு மதிப்பெண் உண்டா?

அறந்தாங்கி, திருமயம், ஆவுடையார்கோவில் வட்டாரங்களில் கோவில் திருவிழாவை ஒட்டி நடைபெறும் மாட்டுவண்டி எல்லைப் பந்தயத்துக்கு ஒட்டப்படும் சுவரொட்டியை நின்று வாசிப்போர், பெரியமாடு, நடுமாடு, கரிச்சான்மாடு, பூஞ்சிட்டு என்று காளைகளுக்குத் தரம் பிரித்து, தரத்துக்கேற்பப் போய்வர 8 மைல், 6 மைல் என்று தூரமும் பரிசுத்தொகையும் விதித்திருப்பதைக் காண்பார்கள். (கிலோமீட்டர் வந்து அறுபது ஆண்டு கடந்தும் இந்தச் சாலைகள் பந்தயத்தன்று மட்டும் மைலுக்குத் திரும்பிவிடுகின்றன.) வண்டியைச் செலுத்தும் சாரதி என்ன தரத்தைச் சேர்ந்தவர் என்பதற்கு மட்டும் அதில் ஓரெழுத்தும் இராது.

இதற்கு நேர்மாறான ஏற்பாடொன்றை, 2016-இல் கணினிக்கு வெளிவந்த ‘மோட்டார்ஸ்போர்ட் மானேஜர்’ என்னும் விளையாட்டில் காணலாம். அதில் ஆடுகிறவர் காரை ஓட்டுவதில்லை. பந்தயக் குழுவின் அதிபராக அமர்ந்து ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்கிறார். பிரேக் பிடித்தல், வளைவில் திரும்புதல், முந்துதல், சுற்றுதோறும் ஒரே சீராக ஓட்டுதல், காரின் போக்கைப் பொறியாளருக்கு விளங்கச் சொல்லுதல் ஆகிய ஒவ்வொரு சாமர்த்தியத்துக்கும் 20-க்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டு. இளைஞன் ஒருவன் இனி எவ்வளவு உயரக்கூடும் என்பதற்கு நக்ஷத்திரக் குறியும், வயதேறினால் சரிவும் உண்டு. பையனை ஒப்பந்தம் செய்வதற்கு முன்பே அவனுடைய பிற்காலத்தைப் படித்துவிடலாம் என்பது, ஜாதகத்தைப் புரட்டிவிட்டே பெண் கொடுக்கும் நமக்கு அவ்வளவாக அந்நியமான யோசனையன்று.

கொங்கு நாட்டு ரேக்ளா வண்டிப் பந்தயத்திலும் எண் உண்டு. அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டத்துக்கு வண்டிகள் ஒவ்வொன்றாக ஓடி விநாடிக் கணக்கில் வெற்றி நிர்ணயமாவதால், கடிகாரமே நடுவர். நம் பக்கத்துப் பந்தயத்திலோ வண்டிகள் ஒருமிக்கப் புறப்பட்டுத் தார்ச்சாலையில் நெருக்கியடித்து ஓடி, எல்லையில் கொடி வாங்கித் திரும்ப வேண்டியிருப்பதால், சாரதியின் வித்தை பிரதானமாகிறது. அந்தத் திருப்பத்தைச் சற்று அருகே நின்று கவனியுங்கள்: இடப்பக்கம் வண்டியை வளைக்க வேண்டுமானால் இடத்துமாட்டின் கயிற்றை இழுத்து அதை நிதானப்படுத்தி, அதே க்ஷணத்தில் வலத்துமாட்டை விரட்டி அகலமாய் ஓடவிட வேண்டும், இழுப்பு ஒரு விரற்கடை மிகுந்தாலும் உள்மாடு நின்றுவிடும், குறைந்தாலோ வண்டி சாலையை விட்டு இறங்கிவிடும். ஜோடியின் இரு காளைகளும் இரு வேறு ஊர்க்காரர்களுடையனவாக அமைவதும் உண்டாகையால், நேற்றுவரை முகமறியாத இரண்டு குணங்களை ஒரே நுகத்தடியில் இணக்கும் பொறுப்பும் சாரதியையே சாரும்.

இவ்வித்தைக்கு ஏட்டுப் பாடம் இல்லை. கண்மாயில் காளைக்கு நீச்சல் கொடுப்பதிலும், பருத்திக்கொட்டையும் உளுந்தும் ஊறவைப்பதிலும் தொடங்கும் பையன், பிறகு வண்டியோடு ஓடிக் குரல் கொடுக்கும் துணைச்சாரதியாகி, எந்த மாடு எந்தச் சத்தத்துக்கு வேகம் கூட்டும் என்பதைக் கால் நோகக் கற்ற பின்னரே கயிற்றைக் கையில் வாங்குகிறான். கம்பை ஓங்கி ஓட்டுபவனைக் காட்டிலும் குரலால் ஓட்டுபவனையே நான் மேலாக மதிப்பேன்.

ஆயினும், கணினி விளையாட்டின் எண்களை முழுதும் புறக்கணிப்பதற்கில்லை. அவ்விளையாட்டில் ஆள் அனுப்பி, எங்கோ கீழ்ப்பந்தயத்தில் கவனிப்பாரற்று ஓட்டும் பையனையும் தேடிப் பிடிக்கலாம். நம் வழக்கிலோ, மாட்டுக்காரர்களின் கண்ணே ஏக அளவுகோலாக இருப்பதால், தொழுவத்தில் வளர்ந்தவனுக்கே கயிறு கிட்டுகிறது. காளை கட்ட வசதியில்லாத வீட்டுப் பிள்ளை எத்துணை லாகவமான கையுடையவனாயினும், சாலையோரத்துக் கூட்டத்தில் நின்று விசிலடிப்பதோடு அவன் அப்யாசம் முடிந்துபோகிறது.