கையெழுத்துப் போடுமுன் கணக்குப் பாருங்கள்

(பிரிக்பீல்ட்ஸ் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே உணவகத்தில் பரிமாறுபவர், கிள்ளானில் லாரி ஓட்டுபவர், கொண்டோ வாசலில் நிற்கும் காவலாளி: நம்மவர்களை நிறுத்த ஒரு வாட்சப் செய்தி போதும் என்று சில முதலாளிகள் நினைக்கிறார்கள். காரணமின்றி நீக்கப்பட்டால், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, மீண்டும் வேலை கேட்டுத் தொழில் உறவுத் துறையில் நீங்கள் முறையிடலாம். தவணை 60 நாள். நிர்வாகத்துக்கு மேல்முறையீடு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாலும் அந்த 60 நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து சமரசப் பேச்சு. அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. நம்மவர்கள் தடுமாறுவது இங்கேதான். "இரண்டு மாதச் சம்பளம் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் கேஸ் மேலே போகாது" என்பார்கள். 2020 வரை இந்த மிரட்டலில் கொஞ்சம் உண்மை இருந்தது. தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்பது மனிதவள அமைச்சரின் கையில் இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் அது மாறிவிட்டது. சமரசம் ஆகாவிட்டால் துறையின் தலைமை இயக்குநரே வழக்கை அனுப்ப வேண்டும். பழைய பூச்சாண்டிக்குப் பயந்து இன்னும் கையெழுத்துப் போடுகிறோமே!

பேச்சில் சொன்னதை நீதிமன்றத்தில் திருப்புவார்களோ என்றும் அஞ்சாதீர்கள். இரு தரப்பும் ஒப்பிக் கையெழுத்திட்ட எழுத்தைத் தவிர மற்றதை 54-ஆவது பிரிவு தடுக்கிறது.

இப்போது கணக்கு. மாதம் 2,000 வெள்ளி, 10 வருட வேலை என்று வையுங்கள். வென்றால் பின்சம்பளம் அதிகபட்சம் 24 மாதம், 48,000 வெள்ளி. திரும்ப வேலைக்கு எடுக்க வழியில்லை என்றால் வருடத்துக்கு ஒரு மாதம் என்று தருவது வழக்கம், அது 20,000. இதற்கு எதிரே நாலாயிரத்தை நீட்டுகிறார்கள்.

எல்லாரும் வழக்காடுங்கள் என்று தூண்டிவிட நான் வரவில்லை. வேறு வேலையில் சம்பாதித்திருந்தால் கழிப்பார்கள். உங்கள் பக்கமும் தவறிருந்தால் தொகை குறையும், தோற்கவும் கூடும். அப்படிப்பட்டவர்கள் கௌரவமான தொகை வந்தால் வாங்கிக்கொள்வதே புத்தி. ஆனால் காசு எந்தத் தேதியில் வரும், இபிஎப் பாக்கி என்ன ஆகும், இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். "சொந்த விருப்பத்தில் விலகினேன்" என்ற வரி இருந்தால் நிறுத்திக் கேளுங்கள். பெர்கேசோவின் வேலைக் காப்புறுதிப் பணத்துக்கு அது குறுக்கே நிற்கும். மலாய் வாசகம் புரியவில்லையா, அதிகாரியிடமே விளக்கம் கேளுங்கள், வெட்கமில்லை.

நீக்கக் கடிதமும் சம்பளச் சீட்டும் கொண்டு வந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள். தவணை முடியப்போகிறவர்கள் முதலில்.