சிறைச்சுவரும் காசநோயும்

(சுபாங் ஜெயாவில் நிகழ்த்திய உரையின் வடிவம்)



அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதிகளும் நிறைந்து விளங்கும் இந்தச் சுபாங் ஜெயா, 1976ஆம் ஆண்டில் நகரமாக உருப்பெறத் தொடங்குமுன் சீஃபீல்டு தோட்டமாக இருந்தது என்பதை இங்குள்ள மூத்தோர் அறிவர். அக்காலத் தோட்டப்புறத்தில், லயத்தில் ஒருவர் இருமினால் பலகைச் சுவருக்கு அப்பாலுள்ள வீட்டாரும் கண்விழிப்பர். காசநோய் அந்நாளில் குடும்பம் குடும்பமாகப் பற்றியதன் காரணத்தை இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நெருக்கமும் காற்றோட்டமின்மையும் சத்துக்குறைவும் கூடுமிடமே அந்நோய்க்கு உகந்த இடம். அவை இன்றும் ஒருங்கே கூடக்கூடிய இடங்களுள் முதன்மையானது சிறைச்சாலை. ‘சிறையைப் பற்றி நமக்கென்ன பேச்சு?’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டா. சிறை சென்றவர்களுள் பெரும்பாலோர் ஒருநாள் வீடு திரும்புவர்; அவர்தம் மூச்சும் உடன் திரும்பும்.

காசநோய்க் கிருமியை இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். நோயாளி இருமும்பொழுது அது காற்றில் கலந்து பிறரது நுரையீரலை அடைகிறது. அவ்வாறு அடைந்த அனைவரும் நோயாளியாவதில்லை. பெரும்பாலோரிடம் அது உறங்கிக் கிடக்கும். ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவரிடமே வாழ்நாளில் என்றேனும் விழித்தெழும். உடல் நலிந்தோரிடமும் எச்.ஐ.வி. தொற்றியோரிடமும் விரைந்து எழும்.

காஜாங் சிறைச்சாலையில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்கள் கைதிகளைச் சோதித்து, 2014ஆம் ஆண்டிலும் அதனையடுத்தும் முடிவுகளை வெளியிட்டனர். சோதிக்கப்பட்ட கைதிகளுள் பத்தில் எட்டுப் பேருக்கும் மேற்பட்டோரிடம் உறங்கும் கிருமி இருந்தது. சிறைப் பணியாளர்களிடமும் அது மிகப் பரவலாகக் காணப்பட்டது. அவர்கள் மாலையில் தத்தம் பிள்ளைகளிடம் திரும்புகின்றவர்கள் என்பதை நினைவிற்கொள்க. அதுவரை எவராலும் கண்டறியப்படாத முற்றிய நோயாளிகளும் கைதிகளிடையே இருந்தனர்.

தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா 1988ஆம் ஆண்டில் போல்ஸ்மூர் சிறையில் இந்நோய்க்கு ஆளானார். ஈரம் படிந்த அறையில் அவர் இருமிக்கொண்டிருந்தார். மருத்துவமனையில் அவரது மார்பிலிருந்து நீரை வெளியேற்றி மருந்தளித்தனர். நோய் உரிய காலத்தில் கண்டறியப்பட்டதால் முற்றும் குணமடைந்து, 95 வயது வரை வாழ்ந்தார். சிறையின் பெயரற்ற கைதிக்கும் அதே கவனிப்பு உண்டா என்பதே நம் கேள்வி. கைதிகளுக்கு வெளியிலுள்ள மக்களுக்கு நிகரான மருத்துவம் அளிக்கப்பட வேண்டும் என ஐக்கிய நாட்டு மன்றம் 2015ஆம் ஆண்டில் ஏற்ற விதிகள் கூறுகின்றன. அவ்விதிகள் மண்டேலாவின் பெயரையே தாங்கியுள்ளன.

சிறைகளில் முறையாகத் தேடிக் கண்டறிய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் அழுத்தமாகப் பரிந்துரைத்தது. இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகிய நான்கையும் கேட்டறிவது எளிது. ஆயினும் கேள்வி மட்டும் போதாது. மக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில், நோயுடையோருள் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு எக்குறியும் இல்லையென்றே கூறினர். தனித்து வைத்துவிடுவரோ என்றஞ்சி இருமலை மறைக்கும் கைதியும் உண்டு. ஆகவே மார்பு எக்ஸ்ரே படமும் சளிப் பரிசோதனையும் இன்றியமையாதவை. சளியிலுள்ள கிருமியையும், முக்கியமான மருந்தொன்றை அது எதிர்க்கிறதா என்பதையும் இரண்டு மணி நேரத்தில் காட்டும் கருவி 2010ஆம் ஆண்டு முதலே உலகச் சுகாதார நிறுவனத்தின் ஒப்புதல் பெற்றுள்ளது.

கண்டறிந்தபின் வரும் இடரே பெரிது. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம் நீளும்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பின் நான்கு மாதம் இரண்டு மருந்துகள். விசாரணைக் கைதியோ காலையில் நீதிமன்றம் சென்று, விடுதலை பெற்று, மாலையில் நேரே வீடு சேர்வார். மருந்து சிறையில் நின்றுவிடும். சில வாரச் சிகிச்சையிலேயே இருமல் தணிந்து பசி எடுப்பதால், தாம் குணமடைந்ததாகவே அவர் எண்ணுவார். அரைகுறையாக விட்ட மருந்து எஞ்சிய கிருமியை வலுப்படுத்தும். அதன்பின் அதே மருந்து பயன்படாமற் போகலாம். பலர் சுகாதார நிலையம் செல்லாதிருப்பது சோம்பலால் அன்று. ‘முன்பு எங்கே மருந்து உண்டீர்?’ என்ற கேள்விக்கு அஞ்சியே செல்வதில்லை.

தாய்மார்களே, அக்கேள்வி பழி கூறுவதற்கன்று. எம்மருந்தை எத்தனை நாள் உண்டார் என்றறியவே. மகனுடன் நீங்களே செல்லுங்கள். மருத்துவக் குறிப்பு கையில் இல்லையெனில் அதனைச் சொல்லுங்கள். சிறை மருத்துவப் பிரிவிடம் கேட்டுப் பெறுமாறு வேண்டுங்கள். குடிமக்களுக்கு அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இச்சிகிச்சைக்குக் கட்டணமில்லை. வீட்டிலுள்ள அனைவரும், சிறப்பாக ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தேவையெனில் தடுப்பு மருந்து கிடைக்கும்.

அவருக்குத் தனித்தட்டும் தனிக்குவளையும் வைப்பதால் பயனில்லை. இந்நோய் பாத்திரத்தால் பரவுவதன்று. சன்னலைத் திறந்து வையுங்கள். முறையாக மருந்துண்டால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பிறருக்குப் பரவும் தன்மை பெரிதும் குறைகிறது. மருந்தை மட்டும் ஆறு மாதமும் நிறுத்தலாகாது.

சளி கொடுக்கும் முறையையும் கூறிவிடுகிறேன். காலையில் எழுந்ததும் வாயை வெறும் நீரால் கொப்பளித்து, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில் நின்று, மூச்சை ஆழ இழுத்து, மார்பிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சில் பயன்படாது. நிலையத்தார் தரும் குப்பியில் இட்டு, மூடியை இறுக மூடி, அன்றே கொண்டு சேர்க்க வேண்டும்.