பெயர் தெரியாத தடிப்புக்கு மருந்து பூசாதீர்கள்
(பிள்ளை மடுவத்தில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, மேல்கால் கழுவக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறீர்கள். ஆகையால் நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

கைப்பிள்ளைக்குத் திடீரென்று மேலெல்லாம் சிவந்து தடிக்கிறது, பொரிப்பொரியாய்ப் போடுகிறது. என்னவென்று தெரியவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர் "இது கரப்பான்" என்பார். மாமியார் "அக்கி" என்பார். இன்னொருவர் "அம்மா வந்திருக்கு" என்பார். பெயர் வைத்த கையோடு ஆளுக்கொரு மருந்தும் சொல்வார்கள். ஒரு கிழமைக்குள் மூன்று மருந்து பூசியாகிவிடும். பிறகு டொக்டரிடம் கொண்டுபோனால், முதலில் இருந்தது எது, பூசினதால் வந்தது எது என்று அவருக்கே பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

ஆகவே நாங்கள் சொல்ல வந்தது ஒன்றுதான். பெயர் தெரியாத தடிப்புக்கு நாமாக எதையும் பூசக்கூடாது. முதலில் பிள்ளையைப் பாருங்கள். பிறகு தோலைப் பாருங்கள். அதற்குப் பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களையும் பாருங்கள்.

பிள்ளையைப் பார்ப்பது என்றால் என்ன? பால் குடிக்கிறதா, சிரிக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பது. பால் குடித்து விளையாடுகிற பிள்ளை என்றால் பெரும்பாலும் பயமில்லை, விடிந்ததும் காட்டலாம். ஆனால் பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், மூச்சு வாங்கினால், உதடும் முகமும் வீங்கினால், தோல் கொப்புளித்து உரிந்தால், ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குத் தடிப்போ இல்லையோ, காய்ச்சல் அடித்தாலே உடனே காட்ட வேண்டும்.

இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணாடிக் கிளாஸ் ஒன்றைத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். சாதாரணத் தடிப்பு பெரும்பாலும் மங்கும். காய்ச்சலும் இருந்து, அழுத்தியும் புள்ளி மங்காமல் அப்படியே தெரிந்தால் அது ஆபத்து. கறுத்த மேனியில் சரியாகத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணின் கீழ் இமைக்குள் பாருங்கள். ராத்திரி என்றாலும் 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் அம்புலன்ஸ் வரும். அதற்குக் காசு இல்லை.

இனித் தோலைப் பார்ப்போம். பிறந்த சில நாளில் சிவப்புத் திட்டும் நடுவில் சின்னப் பொரியும் வரும். பிள்ளை சுகமாக இருந்தால் அது மருந்தில்லாமலே போய்விடும். மலைநாட்டுக் குளிருக்குப் பயந்து சுவெட்டர், தொப்பி, கம்பளி எல்லாம் சுற்றி, அடுப்புச் சூட்டிலும் படுக்க வைக்கிறோம். உள்ளே வேர்த்துக் கழுத்து மடிப்பில் வேர்க்குரு போடுகிறது. ஒரு சுற்றுத் துணியைக் குறைத்தாலே அது இறங்கும். மழைக்காலத்தில் அரைகுறையாய்க் காய்ந்த துணியைக் கட்டினால் தொடையிடுக்கு புண்ணாகும். சவர்க்காரம் போக நன்றாக அலசி, முழுதும் காயவைத்த துணியையே கட்டுங்கள்.

மஞ்சள் நிறத்தில் பொருக்குக் கட்டினால் அது தொற்றுகிற புண்ணாக இருக்கலாம். அதற்கு டொக்டர் தரும் மருந்து வேண்டும். காய்ச்சல், இருமல், கண் சிவப்போடு முகத்தில் தொடங்கிக் கீழே இறங்குகிற தடிப்பு சின்னமுத்தாக இருக்கலாம். 2019இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடென்று அறிவிக்கப்பட்டது. ஆனாலும் 2023இல் அது திரும்பிப் பரவியது. ஒன்பதாம் மாத ஊசியையும் மூன்றாம் வயது ஊசியையும் தவறவிடாதீர்கள். வேப்பிலை கட்டுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. கட்டிவிட்டு டொக்டரிடமும் காட்டுங்கள் என்கிறோம்.

மூன்றாவது, வீட்டிலுள்ளவர்களைப் பார்ப்பது. லயங்களில் நாம் அதிகம் காண்கிறது சொறிதான். ராத்திரியில் அரிப்புக் கூடி பிள்ளை சிணுங்கும். பெரியவர்களுக்கு விரலிடுக்கிலும் இடுப்பிலும் வரும். கைப்பிள்ளைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில்கூட வரும். இது கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சியால் வருவது. அழுக்கான வீட்டுக்குத்தான் வரும் என்று வெட்கப்பட வேண்டாம். ஒரே காம்பராவில், ஒரே பாயில் நெருங்கிப் படுக்கிறோம், அதனால் பரவுகிறது. முதல் தடவை தொற்றினவருக்கு அரிப்புத் தொடங்க நான்கு முதல் ஆறு கிழமை ஆகலாம். அதுவரை சுகமானவர் போலவே இருப்பார், மற்றவருக்கும் கொடுப்பார்.

அதனால்தான் பிள்ளைக்கு மட்டும் பூசினால் போன சொறி திரும்ப வருகிறது. டொக்டர் தரும் மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில், சொன்ன முறைப்படி பூச வேண்டும். திரும்பப் பூசச் சொன்ன நாளிலும் பூச வேண்டும். பாய்விரிப்பு, உடுப்பு எல்லாம் சுடுதண்ணீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததைப் பையில் கட்டி ஒரு கிழமை தொடாமல் வையுங்கள். மருந்து பூசியும் இரண்டு மூன்று கிழமை அரிப்பு இருக்கலாம். பயந்து மருந்தைக் கூட்டிப் பூசாதீர்கள். கைப்பிள்ளைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை டொக்டரே சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு டியூப்பை வாங்கிப் பூசுவது இன்னொரு பழக்கம். சில கிறீம் அரிப்பை அடக்கும், உள்ளே நோய் வளரும். பிள்ளையின் மெல்லிய தோலும் நைந்துபோகும். மண்ணெண்ணெயும் வேண்டாம். மலையில் மருந்தடித்த செடியைத் தொட்ட கையோடு பிள்ளையைத் தூக்காதீர்கள். இடுப்பில் கட்டிய படங்கையும் பிள்ளைக்கு விரிக்காதீர்கள்.

"டொக்டரிடம் போனால் அரைப்பேர் போயிடுமே, மடுவத்திலும் பிள்ளையைச் சேர்க்க மாட்டாங்களே" என்று நீங்கள் நினைப்பது எங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் மறைத்தால் மடுவத்தில் பத்துப் பிள்ளைக்குப் பரவி, பத்துத் தாய்மாருக்குப் பேர் போகும். அதனால் தடிப்பைக் கண்ட அன்று பின்னேரமே மடுவத்து அம்மாவிடமோ மிட்வைப் அம்மாவிடமோ எங்களிடமோ சொல்லுங்கள். வேலைக்கு வரமுடியாத நாளைப் பற்றி வெளிக்கள உத்தியோகத்தரிடம் நாங்கள் பேசுகிறோம்.

போகும்போது கிளினிக் கொப்பியை எடுத்துப் போங்கள். தடிப்பு எந்த நாளில், எந்த இடத்தில் தொடங்கியது, என்ன பூசினோம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் ஏசுவார்கள் என்று பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்வதில் பாதி வைத்தியம் இருக்கிறது.