மூட்டை கட்டும்போது டீச்சரையும் கணக்கில் எடுங்கள்

(முன்பள்ளி ஆசிரியைகளும் பெற்றோரும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

மீள்குடியேற்றக் கூட்டம் என்றால் காணி, வீடு, தகரம், உலர் உணவு என்றுதான் பேச்சுத் தொடங்கும். அவை எல்லாம் வேண்டியவையே. ஆனாலும் வாப்பா ஊரில், உம்மாவும் பிள்ளைகளும் புத்தளத்தில் என்று இரண்டு இடத்தில் அடுப்பெரிக்கும் குடும்பங்கள் உங்களுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால், "சின்னப் பிள்ளையை அங்கே எங்கே விடுவது?" என்பார்கள். நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர்களுக்கு நான் அதை விளக்கத் தேவையில்லை. கிடுகுக் கொட்டில்களில் வாழ்க்கை தொடங்கியது. நிவாரணம் போதாமல் பெண்கள் வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். அப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முன்வந்தவர்கள் யார்? ஓ.எல்., ஏ.எல். வரை படித்துவிட்டு முகாமில் இருந்த இளம் பெண்கள். ஒரு கொட்டில், இரண்டு பாய், நேசரி அவ்வளவுதான்.

பாட்டும் கதையும் அவர்கள் வேலையில் ஒரு பங்குதான். இரண்டு நாள் வராத பிள்ளையைத் தேடி டீச்சர் வீட்டுக்கே போவார். போன இடத்தில் காய்ச்சலையும் காண்பார், உலை வைக்காத அடுப்பையும் காண்பார். நிறை ஏறாத பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுபோகச் சொல்வார். எந்தப் பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பது கிராம உத்தியோகத்தருக்கு முன்னர் டீச்சருக்குத் தெரியும். தண்ணீருக்கும் தொழிலுக்கும் உள்ளூர் மக்களோடு உரசல் வந்த காலத்திலும், இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் இருந்த இடங்களில் தாய்மார் வாசலில் நின்று பேசிப் பழகினார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடந்தது என்று நான் சொல்லமாட்டேன்.

இவர்களுக்கு நாம் என்ன கொடுத்தோம்? முதலாம் வகுப்பு ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம் உண்டு. முன்பள்ளி ஆசிரியை பெரும்பாலும் பெற்றோர் கட்டும் மாதக் காசையும், ஏதாவது நிறுவனம் தரும் சிறு கொடுப்பனவையும் நம்பியிருக்கிறார். திட்டம் முடிந்தால் கொடுப்பனவும் முடியும். எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குக் கட்டடம் கட்டுவது பிடிக்கும். கட்டடத்தில் பெயர்ப்பலகை மாட்டலாம், சம்பளத்தில் மாட்ட முடியாதே!

இத்தாலியில் ரெஜியோ எமிலியா என்ற நகருக்கு அருகே வில்லா செல்லா என்றொரு கிராமம். 1945இல் யுத்தம் முடிந்த கையோடு, ஜேர்மன் படை விட்டுப்போன தாங்கியையும் லொறிகளையும் குதிரைகளையும் விற்று, அந்த ஊர் மக்கள் கட்டத் தொடங்கியது ஒரு முன்பள்ளியை. இன்று அந்த நகரத்து முன்பள்ளிகளைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் போகிறார்கள். எங்களிடம் விற்கத் தாங்கி இல்லை. ஆனால் முகாமில் பழகிய டீச்சர்மார் இருக்கிறார்கள்.

முசலிக்கோ சிலாவத்துறைக்கோ மறிச்சுக்கட்டிக்கோ போகும் குடும்பங்களிடம் கேட்கிறேன். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகள் உள்ள வீடுகள் புறப்படுமுன் ஒன்றாக இருந்து பேசுங்கள். உங்களோடு வரும் டீச்சர் யார் என்று கண்டுபிடியுங்கள். முதல் மாதங்களில் கையில் காசு இருக்காது. மீனாகவோ விறகாகவோ, அவர் வளவுக்கு வேலி அடைத்துக் கொடுத்தோ ஈடு செய்யலாம். எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி எழுதிவையுங்கள். எழுதாத வாக்கில் நட்டப்படுவது எப்போதும் டீச்சர்தான். போய்ச் சேர்ந்ததும் பிரதேச செயலகத்துக்கும் வலயக் கல்வி அலுவலகத்துக்கும் முன்பள்ளி பற்றி எழுத்தில் அறிவியுங்கள்.

பிள்ளையின் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள மருத்துவமாதுவிடம் பதியுங்கள். ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது பூர்த்தியாகும் பிள்ளைக்கு முதலாம் வகுப்பு அனுமதி உண்டு. அதற்குப் பிறப்புச் சான்றிதழும் வதிவிட ஆதாரமும் கேட்பார்கள். பிரதி இல்லாதவர்கள் இங்கிருக்கும்போதே விசாரியுங்கள்.

டீச்சர்மாரே, பயிற்சிச் சான்றிதழ்களைப் பத்திரப்படுத்துங்கள். எந்த ஆண்டிலிருந்து கற்பித்தீர்கள் என்று பெற்றோர் குழுவிடம் கடிதம் வாங்குங்கள். பத்து வருட வேலையை நிரூபிக்கத் துண்டுக் கடதாசிகூட இல்லாமல் போகக்கூடாது. புத்தளத்திலேயே தங்குபவர்களுக்கும் இது பொருந்தும். குடும்பங்கள் போகப்போக இங்குள்ள பாயில் பிள்ளைகள் குறைவார்கள். உங்கள் மாதக் காசும் குறையும். அதையும் நாங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

வாசல் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, போகும் கிராமம் மூன்றையும் எழுதுங்கள். டீச்சர்மாருக்குப் பின்பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். போவதா, இருப்பதா என்று இன்னும் முடிவெடுக்காதவர்களும் எழுதலாம்.