‘புரூமஸ்’: இரண்டெழுத்தில் ஒரு பனிமூட்டம்



“இன்ஜினியருக்கு இங்கிலீஷ் சொல்லாராய்ச்சி எதுக்குப்பா?” என்று பின்வரிசை நண்பர்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது. நான் விமான நிலைய வானிலைக் கருவிகளோடு பிழைப்பு நடத்துகிறவன். இந்தச் சொல்லின் மிச்சம் தினமும் என் கண்ணில் படுகிறது.

ஆங்கிலத்தில் ‘புரூமஸ்’ என்று ஒரு பெயரடை உண்டு. பனிமூட்டமான, குளிர்காலத்து மந்தாரமான என்று பொருள். பேச்சில் யாரும் சொல்வதில்லை, அகராதியில்தான் குடியிருக்கிறது. பிரெஞ்சில் ‘புரூம்’ என்றால் மென்பனிமூட்டம்; அதற்கும் மூலம் லத்தீனின் ‘புரூமா’.

வேடிக்கை இங்கேதான். புரூமாவுக்கு முதலில் பனி என்ற அர்த்தமே கிடையாது. ‘மிகக் குறுகியது’ என்று பொருள்படும் பழைய சொல் ஒன்று தேய்ந்து அப்படி ஆனது. எது குறுகியது? பகல்! டிசம்பர் 21, 22 வாக்கில் வருகிறதே, ஆண்டின் மிகக் குறுகிய பகல், அதுதான். அந்த நாளின் பெயர் குளிர்காலத்துக்கு ஆகி, குளிர்காலத்தின் பெயர் பனிமூட்டத்துக்கு ஆகிவிட்டது. நம்மவர்கள் நேர் எதிர்: பனியை வைத்து முன்பனி, பின்பனி என்று பருவத்துக்குப் பெயர் வைத்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் புது நாள்காட்டி போட்டபோது ஒரு மாதத்துக்கே ‘புரூமேர்’ என்று பெயரிட்டார்கள். நெப்போலியன் ஆட்சியைப் பிடித்தது அந்த மாதம் 18ஆம் தேதி. நம் கணக்கில் 1799 நவம்பர் 9.

சரி, விமான நிலையத்துக்கு வருவோம். விமானிகளுக்குப் போகும் ‘மெட்டார்’ வானிலை அறிக்கையில் மென்பனிமூட்டத்துக்குக் குறியீடு ‘பி.ஆர்.’ ஆங்கிலத்தில் மிஸ்ட் என்பதற்கு பி.ஆர். எப்படி வந்தது? அதே ‘புரூம்’தான். இது தெரியாமல் பயிற்சி விமானிகள் ‘பேபி ரெயின்’ என்று மனப்பாடம் செய்கிறார்கள். பாவம், மழைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கவிஞனுக்குப் பனிமூட்டம் ஒரு மனநிலை. எங்களுக்கு அது மீட்டர் கணக்கு. நீர்த்துளிகளால் பார்வைத்தூரம் 1,000 முதல் 5,000 மீட்டர் வரை குறைந்தால் பி.ஆர். 1,000 மீட்டருக்குக் கீழே இறங்கினால் ‘எஃப்.ஜி.’, அதாவது ஃபாக். ஈரமில்லாத தூசி மங்கல் ‘எச்.இசட்.’ புகைக்கு ‘எஃப்.யூ.’, அதுவும் பிரெஞ்சுதான். ஓடுபாதை ஓரத்தில் ஒரு கருவி ஒளிக்கற்றையை அனுப்பும். எதிரே நிற்பது எவ்வளவு ஒளி வந்து சேர்ந்தது என்று அளக்கும். அதன் கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் தெளிவான வானமும் பனிமூட்டமாகிவிடும். எனக்குச் சம்பளமே அந்தக் கண்ணாடிக்குத்தான்!

இது நம் வாசலுக்கும் வந்த விஷயம். 2018 ஜனவரி 13, போகி. சென்னையில் பனியும் புகையும் சேர்ந்து ஓடுபாதை மறைந்தது. பல விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஈரக்காற்றில் நுண்ணிய புகைத்துகள்கள் மிதந்தால் ஒவ்வொன்றும் நீராவிக்கு ஒரு கரு. துளிகள் சிறிதாக, ஏராளமாக உருவாகும். அதே அளவு நீர் கண்ணை அதிகமாக மறைக்கும். பி.ஆர். என்ற அளவில் நின்றிருக்கக்கூடிய காலை, எஃப்.ஜி. ஆகிவிடும்.

தம்பி தங்கைகளே, மெட்டார் அறிக்கையை இணையத்தில் யாரும் பார்க்கலாம். அடுத்த போகியன்று விடியற்காலையில் சென்னையின் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எந்த இரண்டெழுத்து வந்திருக்கிறது என்று எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.